கடல்நீர் மீன்தொட்டியில் பாசுபேட்டு குறைப்பு

கடல்நீர் மீன்தொட்டியில் பாசுபேட்டு குறைப்பு என்பது, பவளங்கள் இன்றி மீன்கள் மட்டுமே வளர்க்கப்படும் தொட்டியில் கரைந்து சேரும் பாசுபேட்டின் அளவை மீன்களுக்குத் தீங்கு நேராமல் படிப்படியாகத் தணிக்கும் முறையாகும். திறந்த கடலின் மேற்பரப்பு நீரில் இது பொதுவாக லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கும் குறைவு. தொட்டியில் 1 மில்லிகிராமைத் தாண்டுவதும் உண்டு. பவளங்களைப் போலன்றி மீன்கள் இவ்வளவைத் தாங்கிக்கொள்கின்றன. பாசி பெருகுவதே முதன்மையான தொல்லை. ஆகவே பாசுபேட்டை விட, அதை அவசரமாக நீக்க முற்படுவதே மீன்களுக்கு ஆபத்தானது எனலாம்.

சேரும் வழிகள்

பெரும்பகுதி மீன் உணவிலிருந்தே வருகிறது. உறைய வைத்த உணவை உருக்கி, வடியும் நீரைக் கொட்டிவிட்டு இடுதல் நன்று. ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்ற வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தின் எப்போதும்வென்றான், கோவில்பட்டி போன்ற கரிசல் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமும் உப்பும் மிக்கது என்பதால் ஆர். ஓ. நீரே ஏற்றது.

சுண்ணாம்புடன் பிணைதல்

கரிசல் மண்ணில் இடும் சூப்பர் பாசுபேட்டு உரத்தின் ஒரு பகுதி மண்ணிலுள்ள சுண்ணாம்புடன் பிணைந்து பயிருக்கு எட்டாமல் போவதை உழவர் அறிவர். தொட்டியிலும் இதுவே நிகழ்கிறது. பவள மணலும் கல்லும் சுண்ணாம்பால் ஆனவை. நீரில் பாசுபேட்டு மிகும்போது அதை ஈர்த்து, குறையும்போது மீண்டும் வெளிவிடுகின்றன. நீரை மாற்றிய சில நாட்களில் அளவு மறுபடி ஏறுவதற்கு இதுவே காரணம். முறை தோற்றதாகக் கருதி மருந்தைக் கூட்டுதல் தவறு.

குறைக்கும் முறைகள்

20 விழுக்காடு நீரை மாற்றினால் 1 மில்லிகிராம் 0.8 ஆகும், புதுநீரில் பாசுபேட்டு இல்லாதிருந்தால் மட்டும். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து கொணரும் நீரைத் துறைமுகம், கழிவுநீர் வாய்க்கால் ஆகியவற்றிற்குத் தொலைவில் எடுத்து, சோதித்த பின்னரே சேர்க்க வேண்டும். உவர்ப்பும் வெப்பமும் தொட்டி நீருடன் ஒத்திருத்தல் அவசியம்.

இரும்பு ஆக்சைடுத் துகள்களை நன்கு அலசி, பரிந்துரைத்த அளவில் கால்பங்கிலிருந்து தொடங்கி, வாரந்தோறும் அளந்து கூட்டலாம்.

லாந்தனம் குளோரைடு மலிவானது, விரைவானது. அதனாலேயே கவனம் தேவை. இது பாசுபேட்டுடன் சேர்ந்து கரையாத வீழ்படிவாகிறது. நேரடியாக ஊற்றினால் நீர் பால்போல் கலங்கி, நுண்துகள் செவுள்களில் படியக்கூடும். சர்ஜன் மீன்கள் இதனால் இறந்ததாக வளர்ப்போர் பலர் கூறுவர். கார்பனேட்டும் உடன் வீழ்படிவாவதால் நீரின் காரத்தன்மை குறையும். ஆர். ஓ. நீரில் நன்கு நீர்க்கச் செய்து, 10 மைக்ரான் வடிகட்டிப் பையினுள் துளித்துளியாக விழச் செய்தல் வேண்டும். மீன்கள் விரைந்து மூச்சுவிட்டால் உடனே நிறுத்திக் காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும்.

சில சோதனைக் கருவிகள் பாசுபேட்டுக்கு மாறாகப் பாசுபரசின் அளவைக் காட்டும், அதை 3.07 ஆல் பெருக்கினால் பாசுபேட்டு கிடைக்கும்.

பாசுபேட்டு ஊறிய பழைய கற்களை மாற்ற விரும்புவோர் மன்னார் வளைகுடாவிலிருந்து பவளக்கல் எடுத்தல் கூடாது. கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன.