திபேரியஸ் வெள்ளிக்காசில் அமர்ந்திருக்கும் பெண்

கரூர், கோவைப் பகுதிகளில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துத் தெனாரியஸ்கள். திபேரியஸ் (கி.பி. 14–37) காசின் முன்புறம் இலைமாலை சூடிய பேரரசர் தலை. பின்புறம் வலப்பக்கம் நோக்கி அமர்ந்த ஒரு பெண். ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் இலைக்கிளை. சுற்றியுள்ள 'பொன்டிஃப் மாக்சிம்' என்பது தலைமைப் பூசகர் என்ற அரசரின் பட்டம். பெண்ணின் பெயர் எங்கும் இல்லை. அமைதித் தெய்வம் என்பர் சிலர். திபேரியசின் தாய் லிவியா என்பர் பலர். பெயர் பொறிக்கப்படாத வரை அது ஊகமே.

2ஆம் நூற்றாண்டுக் காசுகளில் இந்தத் தடுமாற்றம் குறைவு. அரசிக்கான காசுகளில் அவள் முகமே முன்புறம் வரும், பெயரோடு 'அகஸ்டா' பட்டமும். பெயருக்கு முன் 'திவா' இருந்தால், இறந்தபின் தெய்வமாக்கப்பட்டவள். எழுத்து தேய்ந்திருந்தால் கூந்தலைப் பார்க்க வேண்டும்: மூத்த ஃபவுஸ்டினாவுக்கு உச்சிக்கொண்டை, ஜூலியா டொம்னாவுக்குத் தலைக்கவசம் போன்ற அலைக்கூந்தல். பழங்காசு கிடைத்தால் தேய்த்துத் துலக்காதீர்கள், இத்தடயங்கள் அழிந்துவிடும்.