மங்கும்போதும் வெள்ளை

வெள்ளை எல்இடிக்குள் எரிவது நீலம். ஜப்பானின் ஷிகோகு தீவில், அனான் நகரத்து நிச்சியா நிறுவனத்தில், 1993-இல் சூஜி நகமுரா பளிச்சென்ற நீல எல்இடியை எட்டிப்பிடித்தார். ட்யூப்லைட்டுக்கும் டிவி திரைக்கும் பாஸ்பர் பொடி தயாரித்து வளர்ந்த நிறுவனம் அது. கையில் நீல ஒளி, கிடங்கில் பொடி! 1996-இல் நீல சிப்பின் மேல் மஞ்சள் பாஸ்பர் ஏறியது. நீலத்தில் ஒரு பங்கை விழுங்கி மஞ்சளாக உமிழும் பொடி; மிச்ச நீலம் அப்படியே கடந்து வரும். இரண்டும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளை.

இந்தக் கலவையைச் சோதித்துப் பார்த்தது டிம்மர். குண்டு பல்பில் இழையின் வெப்பம்தான் நிறம். மங்கினால் பொன்னிறமாகச் சிவக்கும், அதை எல்லோரும் ரசித்தார்கள். எல்இடியில் மின்னோட்டத்தைக் குறைத்தால் நடப்பதே வேறு. நீல சிப்பின் இண்டியம் கேலியம் நைட்ரைடு படலத்துக்குள் இயல்பாகவே ஒரு மின்புலம் உண்டு. எலக்ட்ரான்கள் ஏராளமாகப் பாயும்போது அது அடங்கிக் கிடக்கும், பாய்ச்சல் குறைந்ததும் தலைதூக்கும். உடனே நீலத்தின் அலைநீளம் சில நானோமீட்டர் கூடிவிடும். சிப் குளிர்வதால் அலைநீளம் எதிர்ப்பக்கமும் இழுபடும். பொடியின் திறனும் மாறும். கடைசியில் வெள்ளை பச்சைப் பக்கம் சாயுமா, வேறு பக்கமா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.

தனியாக எரியும் விளக்கில் இது யாருக்கும் தெரியாது. ஒரே சுவரில் நாலு விளக்கு வரிசையாக இருந்தால் தெரியும். எவ்வளவு மாறினால் கண் பிடிக்கும் என்பதற்கு 1942-லேயே கோடக் ஆய்வகத்தின் டேவிட் மக்ஆடம் நிற வரைபடத்தில் நீள்வட்டங்கள் வரைந்து வைத்திருந்தார். பெரும்பாலும் ஒரே ஒருவரின் கண்ணை நம்பி வரைந்தவை. உலகச் சந்தையே இன்றும் அந்தக் கண்ணின் கணக்கில்தான் ‘மூன்று படி’, ‘ஐந்து படி’ என்று எல்இடிகளைத் தரம் பிரிக்கிறது.

பொறியாளர்கள் கண்ட வழி, மின்னோட்டத்தைக் குறைக்காமலே விளக்கை மங்கச் செய்வது. எரியும்போது முழு மின்னோட்டம், இல்லையேல் சுத்தமாக அணைப்பு. நொடிக்கு 1000 முறை துடிக்கும் விளக்கில் ஒவ்வொரு மில்லிநொடியிலும் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் எரித்தால் ஒளி பத்தில் ஒன்றாகிவிடும், நிறம் ஏறத்தாழ அப்படியே நிற்கும். இதைத்தான் பிடபிள்யூஎம் என்கிறார்கள். சாமர்த்தியமான ஏமாற்று என்பேன்.

கண் ஏமாந்தது, கேமரா ஏமாறவில்லை: படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடின. துடிப்பு மந்தமாக இருந்தால் சிலருக்குத் தலைவலியும் வரும். 2015-இல் ஐட்ரிபிள்ஈ அமைப்பு இதற்கென்றே ஒரு பரிந்துரை வெளியிட்டது. அதன்படி, துடிப்பு வேகம் குறையக் குறைய ஒளியின் ஏற்ற இறக்கமும் சிறிதாக இருக்க வேண்டும்.

இப்போது எல்இடிக்கு மின்னோட்டம் தரும் டிரைவர் சுற்றுகள் பல சமரசத்துக்கு வந்திருக்கின்றன. ஓரளவு வரை மின்னோட்டத்தைக் குறைப்பது, நிறம் நழுவத் தொடங்கும் இடத்துக்குக் கீழே துடிப்புக்கு மாறுவது. படப்பிடிப்பு விளக்குகளில் துடிப்பையே பல்லாயிரம் ஹெர்ட்ஸுக்கு ஏற்றுகிறார்கள். மலிவான வீட்டு பல்புக்கு இத்தனை மெனக்கெடல் கிடையாது. அதில் ‘டிம்மருக்கு உகந்தது’ என்று அச்சிட்டிருந்தால் மங்கும் என்றுதான் பொருள். நிறத்துக்கு அது பொறுப்பல்ல.