பாடகர் இல்லாத மேடை: மான்ட்ரியல் நகரில் கருவியிசைப் போஸ்ட்-ராக்கின் வளர்ச்சி

கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பெருநகரான மான்ட்ரியலில் 1990களின் நடுவில் பாடகர் இல்லாத ராக் இசை வேரூன்றியது. ஒரே உருப்படி இருபது நிமிடம் நீளும். மேடையின் முன்னால் நின்று பாட ஆள் கிடையாது. இசைப்பவர்கள் பேட்டி கொடுக்கவும் தயங்குவார்கள். வணிகக் கணக்குப்படி இது எடுபட்டிருக்கக் கூடாது. எடுபட்டதற்கு ரசிகர்கள் சொல்லும் காரணம் அந்த இசையின் உணர்ச்சி வேகம். அது உண்மைதான், ஆனால் போதாது. அதே வேகமுள்ள இசை வேறு ஊர்களிலும் பிறந்திருக்கிறது. மான்ட்ரியலில் அது ஓர் ஒலிப்பதிவுக்கூடம், ஒரு வெளியீட்டு நிறுவனம், இரண்டு அரங்குகள், ஆண்டுதோறும் ஒரு விழா என்று கால் ஊன்றியதற்கு அந்நகரின் காலிக் கட்டடங்களும் மொழிப் பிணக்கும் காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

‘போஸ்ட்-ராக்’ என்ற பெயரை 1994இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பிரிட்டிஷ் விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ். ராக்கின் கருவிகளை ராக்குக்கு வெளியே உள்ள நோக்கங்களுக்குக் கையாண்ட குழுக்களை அவர் அப்படிக் குறித்தார். லூயிவில் நகரின் ஸ்லிண்ட் குழு 1991இலேயே ‘ஸ்பைடர்லேண்ட்’ தொகுப்பில் இதற்கான வழியைத் திறந்திருந்தது. பின்னர் சிகாகோவில் டார்டாய்ஸ், கிளாஸ்கோவில் மொக்வாய் என்று ஊருக்கு ஊர் ஒரு வார்ப்பு உருவானது. ஆலாபனை கேட்டுப் பழகிய நம் காதுக்குச் சொற்கள் இல்லாமல் மெல்ல விரியும் இசை அந்நியமல்ல. ஆனால் ஆலாபனையில் ஒருவரின் கற்பனையைப் பின்தொடர்கிறோம். போஸ்ட்-ராக்கில் அப்படிப் பின்தொடர ஒருவர் இல்லை. ஒரு கூட்டமே சேர்ந்து ஒலியைத் தாழ்நிலையிலிருந்து உச்சத்துக்கு ஏற்றுகிறது. அந்தக் கூட்டம் நாள்கணக்கில் பழக ஓர் இடம் வேண்டும்.

மான்ட்ரியலில் இடம் இருந்தது. 1976இல் கியூபெக்கின் பிரிவினையைக் கோரிய பார்ட்டி கெபெக்வா கட்சி ஆட்சிக்கு வந்ததும், மறு ஆண்டு பிரெஞ்சை அரசு, பணியிடம், கல்வி ஆகியவற்றின் மொழியாக்கிய 101ஆம் சட்டம் நிறைவேறியதும், ஆங்கிலம் பேசுவோர் பலர் நகரை விட்டு வெளியேறினர். பெருநிறுவனங்களின் தலைமையகங்கள் டொராண்டோவுக்குப் பெயர்ந்தன. ஆயத்த ஆடைத் தொழிலும் நலிந்தது. மைல் எண்ட் பகுதியில் தையல் இயந்திரங்கள் ஓடிய பெரிய தளங்கள் காலியாயின. பிரிவினை குறித்து 1995 அக்டோபர் 30 அன்று நடந்த இரண்டாம் பொது வாக்கெடுப்பில் ‘வேண்டாம்’ என்ற தரப்பு 50.58 விழுக்காடு பெற்று மயிரிழையில் தப்பியது. நாடு உடையுமா உடையாதா என்று தெரியாத ஊரில் முதலீடு செய்ய யாரும் முன்வரவில்லை. வாடகை ஏறவில்லை. பகுதிநேர வேலையில் கிடைக்கும் சொற்பக் காசில் ஓர் ஆலைத் தளத்தையே பிடித்துக்கொள்ள முடிந்தது.

காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் என்ற குழு இந்தச் சூழலில்தான் வளர்ந்தது. 1994இல் எஃப்ரிம் மெனக், மைக் மோயா, மவுரோ பெசென்டே ஆகிய மூவரும் தொடங்கிய குழு அது. முதல் ஒலிநாடாவை அவர்கள் வெறும் 33 பிரதிகளே போட்டார்கள். சில ஆண்டுகளில் கிதார்கள், இரண்டு பேஸ், இரண்டு டிரம்ஸ், வயலின், செல்லோ என ஒன்பது பேர் அளவுக்கு விரிந்தது. இதைக் கலை முடிவாக மட்டுமே எழுதுவது ஆய்வாளர்களின் வழக்கம். ஒன்பது பேரும் கருவிகளும் கச்சேரியில் படம் காட்டும் 16 மி.மீ. படக்கருவிகளும் கொள்ளும் அறை வாடகைக்குக் கிடைத்திராவிட்டால் அந்த முடிவுக்கு இடமே இருந்திருக்காது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். மைல் எண்ட் ரயில் பாதையை ஒட்டிய ‘ஹோட்டல்2டேங்கோ’ என்ற தளம் அவர்களுக்குக் குடியிருப்பாகவும் ஒத்திகைக் கூடமாகவும் ஒலிப்பதிவு அறையாகவும் பயன்பட்டது.

இயன் இலவ்ஸ்கியும் டான் வில்கியும் 1997இல் தொடங்கிய கான்ஸ்டலேஷன் நிறுவனத்தின் கதையும் ஏறத்தாழ இதுதான். தம் மாடித்தளத்திலேயே அவர்கள் ‘மியூசிக் ஃப்ரஜில்’ என்ற பெயரில் கச்சேரிகள் நடத்தினர். அதே ஆண்டு அவர்கள் வெளியிட்ட காட்ஸ்பீடின் ‘எஃப் ஷார்ப் ஏ ஷார்ப் இன்ஃபினிட்டி’ வினைல் தட்டைக் கையிலெடுத்துப் பார்த்தால் இந்தச் சூழலின் தடயம் முழுக்கத் தெரியும். உறை கையால் செய்தது. அதன்மேல் ஒட்டிய புகைப்படம். உள்ளே ஓர் உறையில் அச்சிட்ட தாள்களோடு, தண்டவாளத்தில் வைத்து ரயில் ஏறி நசுங்கிய செப்புக்காசு ஒன்று. இரண்டாம் பக்கம் முடிவதில்லை. கடைசி வரிப்பள்ளம் தன்னிலேயே சுழல்வதால், ஊசியைத் தூக்கும்வரை ஒலி ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டருகே ஓடிய ரயில், நண்பர்களின் கை உழைப்பு, நேரத்துக்குப் பஞ்சமில்லாத வாழ்க்கை மூன்றும் அந்த ஒரே பொருளில் இருக்கின்றன. 1998இல் சிகாகோவின் கிரான்கி நிறுவனம் இதைக் குறுந்தகடாக, நீட்டிய வடிவில் வெளியிட்ட பிறகே வெளியுலகம் அறிந்தது.

மொழிப் பிரச்சினைக்கு வருவோம். மான்ட்ரியலில் எந்த மொழியில் பாடுகிறாய் என்பதே எந்தத் தரப்பு என்ற கேள்வியாகிவிடும். ஆங்கிலத்தில் பாடும் குழுவுக்கும் பிரெஞ்சில் பாடும் குழுவுக்கும் வானொலி, இதழ், ரசிகர் எல்லாம் வேறுவேறு. பாடாத குழுவை எந்தப் பட்டியலிலும் அடைக்க முடியாது. பிரெஞ்சுச் சூழலிலிருந்து வந்த ரோஜர் டெலியே-கிரேக் தம் ஃபிளை பேன் ஆம் குழுவை நடத்திக்கொண்டே காட்ஸ்பீடில் கிதார் வாசித்தார். இரு குழுக்களின் தட்டுகளும் ஒரே நிறுவனத்தில் வந்தன. பாட்டுவரி குறுக்கே நின்றிருந்தால் இந்தப் போக்குவரத்து இவ்வளவு இயல்பாக நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதற்காக இதை மொழிச் சண்டையிலிருந்து ஒதுங்கிக்கொண்ட நடுநிலை இசை என்று கொள்ளக் கூடாது. பாட்டு இல்லையே தவிர, பேச்சு உண்டு. 1999இல் வந்த ‘ஸ்லோ ரயட் ஃபார் நியூ ஸீரோ கனடா’ தட்டில், அரசின் மீது கொதிக்கும் ஒரு தெரு மனிதரின் குரல் இசையின் ஊடே நீள்கிறது. அதன் அட்டையில் இருப்பவை எபிரேய எழுத்துகள். 2002இன் ‘யாங்கி யூ.எக்ஸ்.ஓ.’ பின்னட்டை, இசைப் பெருநிறுவனங்களுக்கும் ஆயுத உற்பத்தியாளர்களுக்கும் உள்ள தொடர்பைக் கோட்டுப்படமாக வரைந்து காட்டியது. மேடையில் முழக்கமிடாத குழு அட்டையில் வெளிப்படையாக அரசியல் பேசியது. கேட்பவர் தம் துயரத்தையும் கோபத்தையும் கொண்டுவந்து வைக்க இசைக்குள் இடம் விட்டது. இந்த இசையின் ஈர்ப்பு எதில் என்று கேட்டால், இந்த இரட்டை நிலையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

மாடித்தளங்களிலிருந்து தெருவுக்கு வந்தது அடுத்த கட்டம். பெசென்டேயும் கீவா ஸ்டிமாக்கும் 2000இல் சான்-லாரான் பெருவீதியில் ‘காசா டெல் போபோலோ’ என்ற சைவ உணவகத்தைத் திறந்து, அதிலேயே கச்சேரிகள் நடத்தினர். மறு ஆண்டு எதிர்ச்சாரியில் ‘லா சாலா ரோசா’ அரங்கும் ‘சுவோனி பெர் இல் போபோலோ’ விழாவும் வந்தன. சாலா ரோசா இருக்கும் கட்டடம் 1932இல் யூத இடதுசாரித் தொழிலாளர் அமைப்பு ஒன்று எழுப்பியது. பின்னாளில் ஸ்பானியச் சமூக மன்றத்தின் கைக்கு வந்தது. தையலாலைத் தொழிலாளர் கூடிய பகுதியில் அவர்களுக்காகக் கட்டிய மன்றத்திலேயே இந்த இசை வந்து சேர்ந்திருக்கிறது.

மலிவு நீடிக்கவில்லை. கான்ஸ்டலேஷன் தொடங்கிய அதே 1997இல், கணினி விளையாட்டு நிறுவனமான யுபிசாஃப்ட் மாகாண அரசின் சலுகைகளோடு மைல் எண்டின் பழைய ஆடை ஆலைக் கட்டடத்துக்குள் வந்திருந்தது. ஹோட்டல்2டேங்கோவில் பதிவாகி 2004இல் வெளிவந்த ஆர்கேட் ஃபயர் குழுவின் ‘ஃபியூனரல்’ பெரும் புகழ் பெற, அடுத்த ஆண்டே அமெரிக்க ஏடுகள் மான்ட்ரியலைத் தேடி வந்தன. பாட்டும் பாடகரும் உள்ள குழுவால்தான் அந்தப் புகழ் வந்தது. 2003இலேயே காட்ஸ்பீட் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. 2010இல் மீண்ட அக்குழு, 2013இல் 30,000 டாலர் மதிப்புள்ள, கனடாவின் போலாரிஸ் இசைப் பரிசை வென்றபோது, விழாவின் ஆடம்பரத்தைக் கண்டித்து அறிக்கை விட்டு, பணத்தைக் கியூபெக் சிறைகளில் உள்ளோருக்கு இசைக்கருவி வாங்க ஒதுக்கியது.

இன்று நகரின் சிறு அரங்குகளுக்கு வாடகையோடு அண்டை வீட்டார் புகாரும் நெருக்கடி. அபராதங்களால் தளர்ந்த திவான் ஒராஞ்ச் அரங்கு 2018இல் மூடப்பட்டது. பக்கத்துக் கட்டடத்துக்குள் ஒலி கேட்கக் கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டதால் 2024 செப்டம்பரில் லா டுலிப் அரங்கும் கதவடைத்தது. ஒலியளவைக் குறைத்துக்கொண்டு பாடகர் பாடிவிடலாம். தாழ்நிலைக்கும் உச்சத்துக்கும் உள்ள இடைவெளியையே வடிவமாகக் கொண்ட போஸ்ட்-ராக்குக்கு அந்த வழியும் இல்லை.