செல்லப் பாம்புக்கு சட்டை கழலவில்லையா? கையால் மட்டும் இழுத்துடாதீங்க!

வேலி ஓரத்தில் முழுசாகக் கிடக்கும் பாம்புச் சட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் கண்ணாடித் தொட்டிக்குள் செல்லமாக வளரும் பாம்புகளுக்கு, சில நேரம் அது அப்படி முழுசாகக் கழன்று வருவதில்லை. துண்டு துண்டாக உடம்பிலேயே ஒட்டிக்கொள்ளும். வளர்ப்பவர்கள் செய்கிற பெரிய தப்பு, அதைப் பிடித்து இழுப்பதுதான். அடியில் இருக்கும் புதுத் தோலும் சேர்ந்து கிழிந்துவிடும்.

அங்கே அதிகம் வளர்க்கப்படுவது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த 'பால் பைத்தான்'. குடிக்கிற பால் இல்லைங்க, பந்து! பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு இது.

கண் ஏன் வெளுக்கிறது?

சட்டை உரிப்பதற்குச் சில நாட்கள் முன்பு பாம்பின் நிறம் மங்கும், கண் பால் கலந்த நீலமாக மாறும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே திரவம் சுரப்பதே காரணம். பார்வை மங்குவதால் பாம்பு எரிச்சலோடு இருக்கும். தூக்கிக் கொஞ்ச வேண்டாம், இரையும் போட வேண்டாம். பிறகு கண் தெளிந்துவிடும். 'அவ்வளவுதான், முடிஞ்சுது' என்று நினைக்கக் கூடாது. அதற்கும் சில நாட்கள் கழித்துத்தான் மூக்கு நுனியில் தொடங்கி, காலுறையைக் கழற்றுவது போல உள்பக்கம் வெளியே வர சட்டை கழலும்.

என்ன உதவி செய்யலாம்?

சட்டை ஒட்டிக்கொள்ள முக்கியக் காரணம் காற்றில் ஈரம் போதாததுதான். பால் பைத்தானுக்கு இந்த நாட்களில் தொட்டிக்குள் ஈரப்பதம் 70 சதவீதம் வரை இருக்கலாம். ஈரப் பாசி நிரப்பிய மூடி போட்ட டப்பாவில் ஓட்டை போட்டு உள்ளே வைத்தால், பாம்பு தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். உரசிக்கொள்ள சொரசொரப்பான மரக்கட்டையும் வேண்டும்.

அப்படியும் ஒட்டியிருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் விடலாம். தலை வெளியே இருக்கும் அளவுக்குத் தண்ணீர் போதும், பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். பிறகு ஈரத் துண்டுக்குள் ஊர விட்டால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

கழன்ற சட்டையைத் தூக்கிப் போடும் முன் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, வால் நுனி. அங்கே பழைய தோல் வளையம் போல இறுகினால் ரத்த ஓட்டம் நின்று, நுனியே அழுகி விழலாம். இன்னொன்று, கண். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதிலும் சட்டையோடு கழல வேண்டும். சட்டையின் தலைப் பகுதியில் இரண்டு குட்டி வட்டங்கள் இல்லை என்றால், அவை கண்ணிலேயே தங்கிவிட்டன என்று அர்த்தம். இடுக்கியை எடுத்தால் கண்ணே போய்விடும். கால்நடை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் சட்டை துண்டு துண்டாகவே வந்தால், உடம்பில் உண்ணி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தியாவில் நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு போன்றவற்றை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.