குறைந்த செலவில் கேமிங் கணினி: பாகங்களின் பொருத்தம்

கேமிங் கணினியை முழுதாக வாங்காமல் பிராசசர், மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட் என்று தனித்தனியாகத் தேர்ந்து வீட்டிலேயே பூட்டிக்கொள்பவர்கள் உலகெங்கும் உண்டு. 1995-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அளவுமுறை, பல நிறுவனங்களின் பாகங்கள் ஒரே கேபினெட்டில் அமர வழிசெய்தது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் கொழும்பு பம்பலப்பிட்டியின் யூனிட்டி பிளாசாவிலும் இப்பாகங்கள் உதிரியாகக் கிடைக்கின்றன. ஆனால் ஓரிடத்தில் போய் அமர்கிற பாகம் அங்கே முழுத் திறனோடு இயங்கும் என்று சொல்வதற்கில்லை. கையில் பணம் குறைவாக உள்ளவர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். தவறாக வாங்கியதை மாற்ற அவரிடம் வேறு பணம் இருப்பதில்லை.

சாக்கெட்டும் பயாஸும்

பிராசசர் அமரும் சாக்கெட்டின் பெயர் ஒத்துப்போனால் மட்டும் போதாது. இன்டெல்லின் எல்ஜிஏ 1151 சாக்கெட் 2015-இல் வந்தது. 2017-இல் வந்த 8-ஆம் தலைமுறை பிராசசர்களுக்கும் அதே 1151 முனைகள்தாம். ஆனாலும் முனைகளின் மின் ஒதுக்கீடு மாறியிருந்ததால் பழைய போர்டுகளில் அவற்றை இன்டெல் ஆதரிக்கவில்லை. புதிய 300 வரிசை போர்டு தேவைப்பட்டது.

ஏஎம்டி வேறு வழியில் சென்றது. 2016-இல் அறிமுகமான ஏஎம்4 சாக்கெட்டில் 2017-இன் முதல் ரைசனிலிருந்து ரைசன் 5000 வரிசை வரை எல்லாம் அமரும். சிக்கனக் கணினிக்கு ஏஎம்4 இன்றும் பெயர்பெற்றிருப்பதற்கு இந்த நீண்ட ஆயுளே காரணம். அந்த ஆயுளும் எளிதில் கிடைக்கவில்லை. ஏஎம்4-இன் பி450 வகைப் போர்டுகள் பலவற்றில், கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸின் சிப்பில் 16 எம்பி இடமே இருந்ததால், எல்லாத் தலைமுறை பிராசசர்களின் விவரங்களையும் அதில் அடக்க முடியவில்லை. எனவே ரைசன் 5000-க்கு பி450-இல் ஆதரவு இல்லை என்று 2020-இல் ஏஎம்டி அறிவித்தது. பயனர்களின் எதிர்ப்பு வலுத்ததும் அதே ஆண்டு மே மாதம் முடிவை மாற்றிக்கொண்டது. பயனர்கள் குரல் கொடுத்திராவிட்டால் நல்ல நிலையில் இருந்த எத்தனையோ போர்டுகள் வீணாகியிருக்கும்.

இன்று பயாஸ் அப்டேட் ஆகாத பழைய பி450 போர்டை வாங்கி, 2022-இல் வந்த ரைசன் 5 5600-ஐப் பூட்டினால், விசிறி சுழலும், திரையில் ஒன்றும் வராது. பிராசசர் பழுதில்லை; பயாஸுக்கு அதை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். வாங்கும்போதே கடையில் பயாஸை அப்டேட் செய்து தரச் சொல்ல வேண்டும். அல்லது பிராசசர் இல்லாமலே பென்டிரைவ் வழியாக பயாஸ் ஏற்றும் வசதியுள்ள போர்டைத் தேர வேண்டும்.

2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். சில ஆண்டுகளில் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள நினைப்பவருக்கு அது பொருந்தும். இன்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கான எல்ஜிஏ 1700 போர்டுகளில் சில டிடிஆர்4-க்கும் சில டிடிஆர்5-க்கும் ஆனவை. சில மாடல்களில் பெயரின் கடைசியில் வரும் ‘டி4’ என்பதே ஒரே அடையாளம். இரண்டு வகை ரேமுக்கும் 288 முனைகள்தாம். ஆனால் அடியில் உள்ள வெட்டு சற்றே தள்ளியிருக்கும்; மின்னழுத்தமும் 1.2 வோல்ட், 1.1 வோல்ட் என்று மாறும். வெட்டு ஒத்துப்போகாவிட்டால் அழுத்திப் பார்க்கக் கூடாது.

ஒரே 16 ஜிபி ரேமைவிட 8 ஜிபி இரண்டு நல்லது. நான்கு ஸ்லாட் போர்டில் பொதுவாக இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். தனி கார்டு இல்லாமல் ரைசன் 5 5600ஜி-யை நம்பி விளையாடுபவருக்கு இந்த வேக வேறுபாடு கண்ணுக்கே தெரியும், ஏனெனில் அதன் கிராபிக்ஸ் ரேமைத்தான் தன் நினைவகமாகப் பயன்படுத்துகிறது. இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் என்று முடிந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸே கிடையாது; போர்டில் உள்ள எச்டிஎம்ஐ துளையில் கேபிளைச் செருகிப் பயனில்லை.

கிராபிக்ஸ் கார்டு

விலைப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. 2022 ஜனவரியில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, குறைந்த விலைக் கார்டாக விற்கப்பட்டது. அதில் 4 ஜிபி நினைவகம். பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்களும் நான்கே. நினைவகம் நிரம்பும்போது கார்டு கணினியின் ரேமிலிருந்து தரவை எடுத்தாக வேண்டும். பிசிஐ 4.0 போர்டில் அந்த நான்கு தடங்கள் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி கடத்தும், பிசிஐ 3.0-இல் அதில் பாதிதான். பி450, ஏ520 போன்ற மலிவான போர்டுகள் 3.0-ஐயே தருகின்றன, 5600ஜி பிராசசரும் அப்படியே. ஆக, மலிவான போர்டு வைத்திருப்பவரிடம்தான் இந்த மலிவான கார்டு மிக மோசமாக இயங்கும். காட்சி திடீரென்று தடுக்கித் தடுக்கி ஓடுவதற்கு அவர் வேறு எதையோ குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

2021-இல் வந்த ஆர்எக்ஸ் 6600-க்கு எட்டுத் தடங்களும் 8 ஜிபி நினைவகமும் உண்டு. பழைய போர்டிலும் இழப்பு சிறிதே. ரைசன் 5 5600, பி550 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4, ஆர்எக்ஸ் 6600 என்ற சேர்க்கை 1080பி திரைக்கு நேர்மையான, பொருத்தமான தேர்வு. பிராசசரில் மிச்சம் பிடித்தாவது இந்தக் கார்டுக்குப் பணம் ஒதுக்கலாம்.

எஸ்எம்பிஎஸ்

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் பயன்படுத்தக் கூடாது. அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் பெரிதாக 450 வாட் என்று இருக்கலாம். பார்க்க வேண்டியது கீழே சிறிய எழுத்தில் உள்ள 12 வோல்ட் கட்டம். பிராசசரும் கார்டும் அந்த 12 வோல்ட்டையே உண்கின்றன. அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால், 12-ஆல் பெருக்க 192 வாட். மேற்சொன்ன கணினியிலோ கார்டுக்கே 132 வாட், பிராசசருக்கு 76 வாட் வரை தேவை. விசிறிகளும் டிஸ்குகளும் தனி. பெயருள்ள நிறுவனத்தின் 500 அல்லது 550 வாட் அதற்குத் தாராளம்.

80 பிளஸ் முத்திரை, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பயனாகிறது என்பதை மட்டும் அளப்பது. மின் கோளாறுகளிலிருந்து பாதுகாப்பு உண்டா என்று அது சொல்லாது. கேபிள்களிலும் கவனம் வேண்டும். பிராசசருக்கான 4+4 முனைக் கேபிளும் கார்டுக்கான 6+2 முனைக் கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். கழற்றி மாட்டும் கேபிள்களை வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸில் செருகுவது எஸ்எஸ்டியையும் போர்டையும் எரித்துவிடக்கூடும். சாட்டா இணைப்பின் 12 வோல்ட் முனைகள் 54 வாட்டுக்கே ஆனவை. அதிலிருந்து கார்டுக்கு மின்சாரம் எடுக்கும் மாற்றுக் கேபிள் வேண்டாம். மின்வெட்டுக்காக யுபிஎஸ் வாங்குபவர், 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட் அளவே என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பிற பாகங்கள்

மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டின் அளவு 244-க்கு 244 மில்லிமீட்டர். கேபினெட் அதை ஏற்கிறதா, கார்டின் நீளமும் கூலரின் உயரமும் அடங்குமா என்று பார்த்தால் போதும். பழைய எல்ஜிஏ 1200 கூலரின் துளை இடைவெளி 75 மில்லிமீட்டர், எல்ஜிஏ 1700-க்கு 78. தனி மாட்டி இல்லாமல் பொருந்தாது. எஸ்எஸ்டிக்கான எம்.2 துளைகளில் சில சாட்டா வகையை மட்டும், சில என்விஎம்இ வகையை மட்டும் ஏற்கும். சில போர்டுகளில் எம்.2 துளையை நிரப்பினால் ஓரிரு சாட்டா துளைகள் செயலிழக்கும். போர்டின் கையேட்டில் அது எழுதியிருக்கும்.

பழைய பாகங்கள் வாங்குவது குற்றமில்லை. கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு நடந்துவந்த எத்தீரியம் கிரிப்டோ நாணய மைனிங் 2022 செப்டம்பரில் நின்றதும் ஏராளமான கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. ஆனால் ஆர்எக்ஸ் 580 என்ற பெயரிலேயே 2048எஸ்பி என்ற குறைந்த வகையும் உண்டு. அது ஆர்எக்ஸ் 570-க்கு இணையானது. பணம் கொடுக்கும் முன் ஜிபியு-இசட் மென்பொருளில் கார்டின் உண்மை விவரத்தைப் பார்த்துவிட வேண்டும். முதல் தலைமுறை ரைசன் விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 11-இல் வாலரண்ட் கேமை ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இயங்க வேண்டும். பழைய போர்டுகள் பலவற்றில் இவ்விரண்டும் பயாஸில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். போர்டைச் சோதிக்கும்போதே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.