ஸ்டூடியோவும் சுவரும்: தமிழ்க் குடும்பப் படங்களின் நூறாண்டு

தமிழகத்துக் குடும்பங்கள் தங்கள் நினைவுகளைப் படமாகச் சேர்த்து வைக்கத் தொடங்கிய வரலாறு, பெரும்பாலும் வீட்டார் காமிராவைத் தேடிக் கடைத்தெருவுக்குப் போன வரலாறாகவே அமைந்துள்ளது. ஏறத்தாழ 1880களில் தொடங்கி 1980கள் வரை நீண்ட நூறாண்டுக் காலத்தில், மாவட்டத் தலைநகரங்களிலும் கோயில் நகரங்களிலும் சந்தை ஊர்களிலும் இயங்கிய ஸ்டூடியோக்களே மிகப் பல குடும்பங்களின் முகங்களைப் பதிவு செய்தன. அச்சிட்ட படம் வீட்டுச் சுவருக்குப் போக, அதன் மூலமாகிய நெகட்டிவ், அதாவது ஒளியும் நிழலும் இடம்மாறிப் பதிந்த கண்ணாடித் தகடு அல்லது பிலிம், எண்ணிடப்பட்டு ஸ்டூடியோவின் அலமாரியிலேயே தங்கியது. ஒரு குடும்பத்தின் நினைவு இவ்வாறு வீடு, கடை என்னும் இரண்டு இடங்களில் பிரிந்து கிடந்ததையும், அவற்றுள் இரண்டாவது இடம் யாரும் கவனியாத விதத்தில் அழிந்துபோனதையும் அறிந்தால்தான், இன்று பல வீடுகளில் கொள்ளுப்பாட்டனாரின் படம் ஒன்றே ஒன்று மட்டும் எஞ்சியிருப்பதற்கோ ஒன்றுகூட இல்லாமற் போனதற்கோ உரிய காரணம் புலப்படும்.

படமெடுக்கும் கலை பாரிசில் 1839இல் அறிவிக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் அது இந்தியத் துறைமுக நகரங்களை எட்டிவிட்டது. சென்னையில் கலைப் பள்ளியை 1850இல் நிறுவிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் இக்கலையில் பேரார்வம் காட்டியவர். சென்னைப் புகைப்படச் சங்கம் 1856இல் தோன்றியதிலும் அவருக்குப் பங்குண்டு. அதே ஆண்டில் சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி, 1858இல் திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள ஒரே படச் சுருளாக்கிய அவருடைய உழைப்பு இன்றும் வியப்புக்குரியது. ஆனால் அவருடைய படங்களில் மனிதர்கள் அரிதாகவே தென்படுகின்றனர். தாள் நெகட்டிவில் உருவம் பதிய நெடுநேரம் பிடித்தது ஒரு காரணம். அரசு தேடியது கட்டடத்தையும் கல்வெட்டையுமே என்பது மற்றொன்று. பிறகு மக்களை நோக்கி அரசின் காமிரா திரும்பியபோதும், 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’வில் நிகழ்ந்ததைப் போல, அது அவர்களைச் சாதி, குலம் என வகைப்படுத்தியே காட்டியது. எவரையும் ஒரு வீட்டின் தாத்தாவாகவோ மகளாகவோ காட்டும் படம் அங்கே பிறக்கவில்லை.

அத்தகைய படம் பிறப்பதற்கு இரண்டு மாற்றங்கள் தேவைப்பட்டன. முதலாவது விலை. பாரிசைச் சேர்ந்த டிஸ்டேரி 1854இல் காப்புரிமை பெற்ற முறை, ஒரே தகட்டில் பல சிறு உருவங்களைப் பதித்துத் தனித்தனி அட்டைகளில் ஒட்டித் தந்தது. 1860களில் அதைவிடப் பெரிய ‘கேபினட்’ அட்டை வந்தது. ஸ்டூடியோக்காரர்களின் பேச்சில் ‘கேபினட் சைஸ்’ என்னும் வழக்கு, அட்டை மறைந்து பல காலம் ஆன பின்னும் நிலைத்திருந்தது. இரண்டாவது மாற்றம் தகடு. 1851இல் வந்த ஈரத்தகடு முறையில், கண்ணாடியில் கொலோடியன் என்னும் பசைநீரைப் பூசி, வெள்ளிக் கரைசலில் நனைத்து, அது உலர்வதற்குள் படம் எடுத்துக் கழுவி முடிக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டு வெயிலில் இது பெரும்பாடு. கோந்துபோன்ற ஜெலட்டின் பூசிய உலர்தகட்டை இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்ட் மேடாக்ஸ் 1871இல் முன்மொழிந்தார். அடுத்த பத்தாண்டில் அது பெட்டிபெட்டியாகக் கடைக்கு வந்தது. அதன் பிறகு ரசாயன நுணுக்கம் முழுதும் கைவராத ஒருவரும் தகடு வாங்கித் தொழில் நடத்த முடிந்தது. சென்னையில் நிக்கலஸ், வீலே – கிளைன் போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள் ஆளுநர்களையும் ஜமீன்தார்களையும் படமெடுத்துக்கொண்டிருந்த நிலை மாறி, உள்ளூர்த் தமிழர்கள் தம் ஊரிலேயே ஸ்டூடியோ திறக்கும் காலம் வந்தது.

மின்விளக்கு வருவதற்கு முன்பு ஸ்டூடியோவின் உயிர் அதன் கூரையில் இருந்தது. நேர்வெயில் குறைவாக விழும் வடபுறத்தில் கண்ணாடி பதித்து, உள்ளே வெள்ளைத் துணித் திரைகளை இழுத்தும் விலக்கியும் ஒளியை அளந்து விட்டனர்; காலையில் ஒளி கூர்மை அடையாத வேளையே முகத்துக்கு உகந்ததாகக் கருதப்பட்டது. பின்னால் தொங்கிய எழுதிய திரையில் தூண்கள், மாளிகைப் படிக்கட்டு, ஏரி, தோட்டம் ஆகியவை தீட்டப்பட்டிருந்தன. நாடகக் கொட்டகைத் திரைகளோடு அவற்றுக்கு நெருங்கிய சாயல் உண்டு. முன்னால் ஒரு முக்காலி, அதன்மேல் பூச்சாடி, ஒரு புத்தகம். பின்னாளில் ரேடியோ, தொலைபேசி. குடிசையிலிருந்து வந்தவரும் கூடத்திலிருந்து வந்தவரும் அதே நாற்காலியில் அமர்ந்தனர் என்பதால், இப்பொருள்களைக் கொண்டு ஒருவருடைய செல்வநிலையை அளவிடுவது பெரும் பிழையாகும். படம் எடுத்த பின் ‘டச்சிங்’ என்னும் வேலை தொடங்கும். கூரிய பென்சிலால் நெகட்டிவின் மீதே தழும்பையும் சுருக்கத்தையும் மறைக்கும் அந்த நுண்பணியில் தேர்ந்தவரைச் சுற்றியே பல ஸ்டூடியோக்களின் பெயர் நின்றது. அதே பென்சில் பெண்களின் நிறத்தையும் வெளுக்கச் செய்தது. சமூகத்தின் நிறவெறுப்பு குடும்ப நினைவுக்குள்ளேயே இவ்வாறு குடிபுகுந்ததைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் பொட்டுக்குச் சிவப்பும் நகைக்குப் பொன்னிறமும் கையால் தீட்டும் வழக்கமும் இருந்தது.

எப்போது படம் எடுக்கப்பட்டது என்னும் வினாதான் இவ்வரலாற்றின் நடுநாயகம். அன்றாட வாழ்வு படமாகவில்லை. சடங்கின் நாள் படமாயிற்று. முதல் மொட்டை போடுவதற்கு முன் குழந்தையின் முடியைப் பின்னிப் பூத்தைத்து, ஆண் குழந்தைக்கும் பாவாடையும் நகையும் அணிவித்து ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போவது பரவலான வழக்கம். குலதெய்வத்துக்கோ பழனிக்கோ திருப்பதிக்கோ காணிக்கையாகப் போகவிருக்கும் முடியின் ஒரே சான்றாக அந்தப் படம் எஞ்சியது. பெண் பெரியவளான போதும், மணக்கோலத்திலும், வளைகாப்பிலும் தாழம்பூவோ மல்லிகையோ வைத்துத் தைத்த சடை படமாக்கப்பட்டது. சடை முதுகுப்புறம் இருப்பதால், பெண்ணைப் பக்கவாட்டில் நிறுத்தி, அருகே ஆளுயரக் கண்ணாடியை வைத்து, முகமும் பின்னலும் ஒரே படத்தில் விழும்படி கோணம் பார்த்தனர். இந்தக் கண்ணாடிப் படம் தமிழ் ஸ்டூடியோக்காரர்கள் கைவரப்பெற்ற நேர்த்தியான உத்திகளுள் ஒன்று. தாயின் கைவேலையும், பூக்காரரின் பூவும், தைத்துத் தந்த உறவுக்காரியின் பொறுமையும் ஒருநாள் வாழ்வுடையவை. அவற்றை மதித்துப் பதிவு செய்த ஆவணம் இதைத் தவிர வேறில்லை எனலாம்.

படமெடுத்தால் ஆயுள் குறையும் என்னும் அச்சம் ஊர்ப்புறங்களில் நெடுங்காலம் நிலவியது. அதன் விளைவு வேதனைக்குரியது: வாழ்நாளில் ஒருமுறையும் காமிராவின் முன் நில்லாதவர், இறந்த அன்று முதன்முறையாகப் படமாக்கப்பட்டார். நீராட்டி மாலையிட்டு நாற்காலியில் சாய்த்து அமர்த்திய உடலைச் சூழ மக்களும் பேரர்களும் நிற்கும் படங்கள் தமிழகத்தில் ஏராளம். இன்றைய கண்ணுக்கு அவை கலக்கம் தரலாம். ஆயினும் ஒரு குடும்பம் முழுவதும் ஓரிடத்தில் கூடிய அரிய தருணம் அதுவே என்பதையும், வேறு உருவம் இல்லாத நிலையில் அம்முகத்திலிருந்தே பின்னர்ச் சுவர்ப்படம் பெரிதாக்கப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கண்களைத் திறந்திருப்பதாக டச்சிங்கில் வரைந்து தந்த கைவினைஞர்களும் இருந்தனர். ரவி வர்மா 1894இல் தொடங்கிய அச்சகத்தின் தெய்வப் படங்கள் வீடுகளில் பரவிய அதே காலத்தில், கண்ணாடிச் சட்டம் போடும் கடைகளும் பெருகின. தெய்வப் படமும் முன்னோர் படமும் ஒரே வகைச் சட்டத்துக்குள் கூடத்துக்கு வந்தன. இறந்தவரின் படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலையிட்டு, திதியன்று அதன்முன் படையலிட்டனர். உருவமின்றி நீரிலும் எள்ளிலும் நினைக்கப்பட்ட முன்னோர்க்குப் புகைப்படம் ஒரு முகத்தைக் கொடுத்தது. சடங்குகளை மறுத்த சுயமரியாதை இயக்கத்தாரும் அந்த முகத்தைக் கைவிடவில்லை. பெரியோர் ஒருவரைக் கொண்டு படத்திறப்பு நடத்தி, இறந்தவரைப் பற்றிப் பேசும் கூட்டமாக நினைவுநாளை அமைத்துக்கொண்டனர்.

குழுப்படத்தில் பெரியவர்கள் நாற்காலியிலும், இளையோர் பின்வரிசையிலும், குழந்தைகள் சமுக்காளத்திலும் இருந்த முறை, உறவின் படிநிலையைப் பேச்சின்றிக் காட்டுவது. பெரிதும் தென்படாதவர்கள் வேறு உண்டு. கணவனை இழந்த பெண்கள் மங்கல நாளின் படங்களிலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர். நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்குப் படத்தின் விலை எட்டவில்லை. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களைக் கொழும்பு நிறுவனங்கள் படமெடுத்து அஞ்சலட்டைகளாக விற்றன. அவற்றில் ‘தமிழ்க் கூலி’ என்னும் குறிப்பு இருக்கும், பெயர் இராது. அந்த அட்டை ஐரோப்பியர் ஒருவரின் ஆல்பத்துக்குப் போயிற்று. படத்தில் நின்றவரின் பேரப்பிள்ளைகளுக்கு எதுவும் போகவில்லை. ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதற்படம், 1990களில் வாக்காளர் அடையாள அட்டை வந்தபோது அரசு எடுத்த படமே. ஒருவர் இறந்தபின் அந்தச் சிற்றுருவமே பெரிதாக்கப்பட்டுச் சுவரேறியது.

சுவரோடு ஒப்பிட ஆல்பம் பின்னால் வந்தது. கருந்தாள் பக்கங்களில் முக்கோண மூலைகளைக் கொண்டு படத்தைப் பொருத்தி, இடையிடையே மெல்லிய பட்டர் பேப்பர் வைத்துக் கட்டிய ஆல்பங்கள், படித்த நடுத்தரக் குடும்பங்களில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவலாயின. பத்திரிகைத் துணுக்கும் கடிதமும் ஒட்டி வைக்கும் மேலைநாட்டு ஒட்டேடு இங்கு அதே உருவில் வேரூன்றவில்லை. அதன் பணியை டிரங்குப் பெட்டி செய்தது. திருமண அழைப்பிதழ், மணமக்களுக்குப் பாட்டெழுதி அச்சிட்டு வழங்கிய வாழ்த்து மடல், ஜாதக நோட்டு, பர்மாவிலிருந்தோ மலாயாவிலிருந்தோ வந்த கடிதம் ஆகியவை படங்களோடு ஒரே பெட்டியில் கிடந்தன. வீட்டாரே படமெடுக்கும் வாய்ப்பு, 120 பிலிம் போட்டுப் பன்னிரண்டு படம் எடுக்கும் ‘ஆக்பா கிளிக்’ போன்ற எளிய காமிராக்களால் 1960களில் கூடிற்று. உதகமண்டலத்தில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் பொதுத்துறை ஆலை, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமை உள்நாட்டிலேயே தந்தது. அப்போதும் பிலிமைக் கழுவ ஸ்டூடியோவுக்கே போக வேண்டியிருந்தது.

இவ்வளவும் தாங்கிய ஸ்டூடியோ அலமாரிகள் அழிந்த விதம்தான் துயரமானது. படத்தின் கருமை என்பது வெள்ளியின் நுண்துகள். எனவே பழைய நெகட்டிவுகளை எடைக்கு வாங்கி, அவற்றிலிருந்து வெள்ளி பிரித்தெடுக்கும் வணிகம் தோன்றியது. கண்ணாடித் தகடுகளின் ஜெலட்டினைச் சுரண்டிவிட்டு, வெறும் கண்ணாடியைச் சட்டம் போடவும் பயன்படுத்தினர். வண்ணப் படமும் தானியங்கி ஆய்வகமும் வந்து தொழில் நொடித்த வேளையில், இடவாடகையும் கறையானும் ஈரமும் ஒருபுறம் நெருக்க, ஐம்பது ஆண்டுச் சேகரிப்பைச் சாக்குகளில் கொடுத்த உரிமையாளர்களைக் குறைகூற இயலாது. அவர்களுக்கு உதவ எந்த நூலகமும் அருங்காட்சியகமும் அப்போது முன்வரவில்லை. குறை அங்கே உள்ளது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு, எஞ்சிய ஸ்டூடியோக்களைத் தேடிச் சென்று அவற்றின் படங்களை எண்ணிம உருவில் பதிவு செய்தது மிகப் பெரும் பணி. ஆனால் உருவம் மீண்டபோதும் பெரும்பாலான படங்களில் இருப்பவர் யார் என்பது தெரியவில்லை, ஏனெனில் பெயர் குடும்பத்தின் வாய்மொழியில் மட்டுமே இருந்தது.

இவ்வகையில் யாழ்ப்பாணத் தமிழரின் மரபு ஒன்று கருதத்தக்கது. இறந்தவரின் முப்பத்தோராம் நாளையொட்டி அச்சிட்டு வழங்கும் சிறுநூலைக் ‘கல்வெட்டு’ என்பர். பின்னாளில் அது நினைவு மலராக விரிந்தது. இறந்தவரின் படம், பிறந்த ஊர், பெற்றோர், மக்கள், மருமக்கள் எனக் கிளைவழி விவரம், இரங்கற்பா, தேவாரத் திருவாசகப் பாடல்கள் ஆகியவை அதில் இடம்பெறும். இலங்கை உள்நாட்டுப் போரில் வீடும் ஆல்பமும் இழந்து பல நாடுகளுக்குச் சிதறிய குடும்பங்களுக்கு, உறவினர் ஒருவரிடம் தப்பியிருந்த ஒரு படி போதுமானதாக இருந்தது. பல படிகள் அச்சிட்டுப் பலரிடம் பகிர்ந்ததே அதன் பாதுகாப்பு. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் இம்மலர்களையும் சேகரித்து வருகிறது.

சுவரில் தொங்கும் படங்களுக்கும் காலம் குறைவு. சட்டத்துக்குள் ஈரம் புகுந்தால் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரிக்க முயல்வோர் முகத்தையே உரித்தெடுத்துவிடுவர். ஆகவே படத்தைக் கழற்றாமல், கண்ணாடியோடு சேர்த்தே எண்ணிமப் பதிவு செய்வது நல்லது. 1980களின் பசைத்தாள் ஆல்பங்களில் ஒட்டிய வண்ணப் படங்கள், நூறாண்டுக்கு முந்திய கறுப்பு வெள்ளைப் படங்களைவிட விரைவாகச் சிவந்து மங்குவதால், முதலில் காக்க வேண்டியவை அவையே. பெயர்களைப் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், இடமிருந்து வலமாக, உறவுமுறையோடு எழுதலாம். பந்துமுனைப் பேனாவின் அழுத்தம் முன்புறத்தில் வடுவாகும், மையும் ஊடுருவும். பின்வரிசையில் நிற்பவரின் பெயர் அறிந்தவர் இன்னும் உயிரோடு இருக்கும் வீடுகளில் இவ்வேலையைத் தள்ளிப்போட இடமில்லை.