ஸ்பூல் டேப்பில் பிழைத்த கச்சேரிகள்

மகா வைத்தியநாத ஐயர் எப்படிப் பாடியிருப்பார்? அவரைப் பற்றி எத்தனையோ கதைகள் உண்டு. ஆனால் குரல் இல்லை. அவர் 1893-ல் மறைந்தார். பட்டணம் சுப்பிரமணிய ஐயர் மறைந்தது 1902-ல். அதே 1902-ம் ஆண்டின் பிற்பகுதியில்தான் லண்டன் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவில் வந்து இறங்கி, கௌஹர் ஜானைப் பாட வைத்து இசைத்தட்டு எடுத்தார். சில மாதங்களில் தவறிப் போன விஷயம்!

அந்தக் காலத்தில் இங்கே பாடியதை மெழுகில் பதிந்து, கப்பலேற்றி, ஜெர்மனியில் உள்ள ஹனோவர் நகரத்துக்கு அனுப்பித் தட்டாக அச்சடித்து வாங்குவார்கள். அங்கே இருப்பவர்களுக்குப் பாடகர் யாரென்று தெரிய வேண்டுமல்லவா? அதனால்தான் பழைய தட்டுகளில் பாட்டு முடிந்தவுடன் பாடியவரே தன் பெயரைச் சொல்வது கேட்கிறது. தட்டு செய்யத் தேவைப்பட்ட அரக்கு மட்டும் நம் நாட்டிலிருந்தே போனது. 1908 வாக்கில் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்த பிறகுதான் இந்தக் கப்பல் பயணம் நின்றது.

தெற்கே முதலில் துணிந்து பாடியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்னம்மாள் என்று பட்டியல் நீளும். தேவதாசி மரபில் வந்த இவர்களைப் பிற்காலத்துச் சபாக்கள் ஓரம் கட்டின. தட்டு ஓரம் கட்டவில்லை.

இதில் தாயியின் கதை சுவையானது. மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் (இவர் ராவெலின் சீடர்) 1912-ல் இந்தியாவுக்கு வந்தார். ஊர் திரும்பும்போது அவர் கொண்டு போனவற்றில் இசைத்தட்டுகளும் இருந்தன. தாயியின் தட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதையே அடிப்படையாக வைத்துக் குரலுக்கும் பியானோவுக்குமாக 'ராகமாலிகா' என்ற படைப்பை எழுதினார். கிடைத்த நல்ல பாட்டை நாலு பேர் காதில் போடாமல் இருக்க முடியாத ரசிகரின் குணம் பாரீஸிலும் அதேதான் போலிருக்கிறது.

தட்டின் பெரிய குறை நேரம். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் நான்கு. அதற்குள் ஆலாபனையும் கீர்த்தனையும் ஸ்வரமும் அடங்க வேண்டும்! ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்கில் வாசித்த தோடியைத் தட்டின் இரண்டு பக்கத்துக்குள் சுருக்க வேண்டியிருந்தது. அந்தச் சுருக்கத்திலும் ஒரு அழகு இருந்தது என்பதை மறுக்க முடியாது. 1925-க்குப் பின் மைக் வைத்துப் பதியும் முறை பரவியதும் இன்னொரு லாபம் கிடைத்தது. வீணை தனம்மாளின் வாசிப்பு மிகவும் மென்மையானது. அதைக் கொலம்பியா கம்பெனி 1932-ல் பதிவு செய்தது. புனல் வைத்துப் பதிந்த காலமாக இருந்தால் அந்த நாதம் தட்டில் ஏறியிருக்குமா என்பது சந்தேகமே. ஆறு வருடம் கழித்து, 1938-ல் அவர் காலமானார்.

அதே 1938-ல் ஜூன் 16 அன்று சென்னை வானொலி நிலையம் தொடங்கியது. இப்போது தட்டின் மூன்று நிமிடக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் எல்லாம் நேரடி ஒலிபரப்பு, காற்றில் போனது போனதுதான். சபாக்களிலும் அதே கதை. ஆக, முழுக் கச்சேரி ஒன்றைப் பிடித்து வைக்க டேப் ரிக்கார்டர் வர வேண்டியிருந்தது.

ஐம்பதுகளில் அது வந்தது. கிரண்டிக், பிலிப்ஸ் போன்ற வெளிநாட்டு மிஷின்கள், சூட்கேஸ் அளவுக்கு, நல்ல கனம். வசதியுள்ள சில ரசிகர்கள் வாங்கினார்கள். கல்யாணக் கச்சேரியில் மேடைக்குப் பக்கத்தில் வைத்தார்கள், சபாவில் அனுமதி வாங்கியும் வாங்காமலும் வைத்தார்கள், வீட்டில் ரேடியோவுக்கு எதிரே வைத்தார்கள். இன்று ஜி.என்.பி. (மறைவு 1965), அரியக்குடி (1967), மதுரை மணி ஐயர் (1968) ஆகியோரின் இரண்டு மணி, மூன்று மணி நேரக் கச்சேரிகளைக் கேட்க முடிகிறதென்றால் அதற்கு வானொலிக்கு அடுத்தபடியாக இவர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். கம்பெனித் தட்டை மட்டும் வைத்துக்கொண்டு மணி ஐயரின் கல்பனா ஸ்வரத்தைப் பற்றிப் பேசுவது, சாவித் துவாரம் வழியாகத் தேர் பார்ப்பது போல.

பதிந்தவர் நண்பருக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பார். அவர் இன்னொருவருக்கு. பதிலுக்கு வேறு ஒரு கச்சேரி வரும். எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: காசுக்கு விற்கக் கூடாது. டேப் பெட்டியின் மேல் தேதி, ஊர், பக்கவாத்தியம் எல்லாம் பேனாவால் எழுதியிருக்கும். பிரதிக்குப் பிரதி இரைச்சல் கூடும், தம்புரா தேயும். எண்பதுகளில் கேசட் வந்து பிரதி எடுப்பது சுலபமானபோது இந்தத் தேய்மானம் இன்னும் அதிகமானது. பெட்டி மாறிப்போய், யார் வயலின், எந்த வருடம் என்பதே தெரியாமல் சுற்றிய கச்சேரிகளும் ஏராளம்.

வேகம் இன்னொரு தலைவலி. ஒரு மிஷினில் பதிந்ததை வேறொன்றில் ஓட்டும்போது ஆறு சதவீதம் வேகம் கூடினால் போதும், ஸ்ருதி அரைக் கட்டை ஏறிவிடும். காலமும் துரிதமாகும். 'அந்தக் காலத்தில் என்ன விறுவிறுப்பு!' என்று வியக்கும் சில பதிவுகளில் விறுவிறுப்பு மிஷினுடையது. பாடகர் வழக்கமாகப் பாடும் ஸ்ருதி தெரிந்த ரசிகர்கள் அதை வைத்து வேகத்தைச் சரி செய்வார்கள். நல்ல காது வேண்டும் இதற்கு.

வித்வான்கள் இதைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்? பத்து பேர் கேட்டுப் பத்து வருடம் பேசும் கச்சேரியில் தனக்கு ஒரு பைசா வராதது நியாயமா என்ற கேள்வி சாதாரணமானதல்ல. தொண்டை சரியில்லாத நாளின் கச்சேரியும் நிரந்தரமாகிவிடுகிறதே என்ற கவலை அதைவிடப் பெரியது. சட்டமோ வெகுகாலம் பேசாமல் இருந்தது. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடுபவருக்கென்று தனி உரிமை கிடையாது. 1994-ல் செய்த திருத்தம்தான் அதைக் கொடுத்தது. முதலில் 25 ஆண்டு, பிறகு 1999 திருத்தத்தில் 50 ஆண்டு. சொந்த உபயோகம் போன்ற விலக்குகள் தவிர, அனுமதியில்லாமல் கச்சேரியைப் பதிவது அதன்பின் சட்டப்படியும் தவறு. ஆனால் அறுபதுகளில் ஒருவர் அப்படிப் பதியாமல் விட்டிருந்தால் இன்று அந்தக் கச்சேரியே இல்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, தராசு ரசிகர் பக்கம் கொஞ்சம் சாய்கிறது என்றே தோன்றுகிறது, விற்காத வரையில்.

கொடுக்காமல் பூட்டி வைத்தவர்களும் இருந்தார்கள். தன்னிடம் மட்டும் இருக்கிறது என்ற பெருமைதான் காரணம். அவர்கள் காலத்துக்குப் பின் வாரிசுகளுக்கு அந்தப் பெட்டிகள் வெறும் குப்பை. பழைய தட்டுகள் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று சென்னை மூர் மார்க்கெட். பழைய புத்தகத்தோடு தட்டுகளையும் கிளறி எடுத்த ரசிகர்கள் பலர். 1985 மே மாதம் அது தீயில் எரிந்து போனது. அரக்குத் தட்டு நெருப்புக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்று கணினியில் பிரதி எடுத்தால் தேய்மானம் கிடையாது. பழைய தட்டுகளை எண்முறைக்கு மாற்றிப் பொதுவில் வைக்கும் காப்பகங்களும் வந்துவிட்டன. ஆனால் பரண்களில் இன்னும் ஸ்பூல்கள் இருக்கின்றன. சிலவற்றில் டேப் சுருளோடு சுருளாக ஒட்டிக்கொண்டிருக்கும், சிலவற்றில் வினிகர் வாடை அடிக்கும். ஓடும் நிலையில் உள்ள மிஷினும் அரிது. அப்படிப்பட்ட டேப்பை 'சும்மா போட்டுப் பார்க்கலாம்' என்று ஓட்டக் கூடாது என்பார்கள் விஷயம் தெரிந்தவர்கள். முதல் தடவை ஓடுவதே கடைசித் தடவையாகவும் இருக்கலாம், அதனால் கணினியில் பதிவை ஆரம்பித்துவிட்டுத்தான் மிஷினில் கை வைப்பார்கள்.